முட்டை அட்டைச் சுவர்

ஜனவரி 3

இந்த டைரியில் நடந்தது நடந்தபடியே பதியப்படும். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, எனக்குச் சாதகமாக எதையும் வளைப்பதில்லை. முதல் உண்மை: இது எனக்காக வாங்கிய டைரி இல்லை. அத்தாவின் முட்டைக் கடைக்குத் தீவன ஏஜென்ட் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோழி நின்று நான் எழுதுவதைப் பார்க்கிறது.

நான் ஃபாயிஸா. பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு இன்னும் எண்பத்து நான்கு நாள். அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மக நானூத்தி எம்பது எடுப்பா" என்று முட்டையோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர் செபஸ்தியான் ஐயா கெட்டிக்காரர். ஒரே நீள வீட்டின் நடுவில் ஒரு சுவரை வைத்து இரண்டு வீடு ஆக்கிவிட்டார். அந்தச் சுவரை ஒட்டிய பத்தடிக்கு ஏழடி அறைதான் என் படிப்பறை. ஒரு மேஜை, ஒரு பீரோ, தலைக்கு மேலே பரண், பரண் நிறைய அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள்.

சுவரின் அந்தப் பக்கத்துக்கு டிசம்பரில் புதிதாகக் குடிவந்தவர் ஈஸ்வரன் அண்ணன். திண்டுக்கல்லில் எத்தனையோ தொழில் உண்டு. பூட்டு செய்கிறார்கள், பூக் கட்டுகிறார்கள், பிரியாணி கிண்டுகிறார்கள். எங்கள் சுவருக்கு வாய்த்தது மைக் செட். அவர் மனைவி சுகன்யா அக்கா வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். மெஷின் ஹாலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டிலும் அதே தொண்டைதான். அங்கே அவர் "உப்பு எங்க?" என்று கேட்டால் இங்கே எங்கள் உப்பு ஜாடி எழுந்து நிற்கும்.

ஜனவரி 5

அம்மாவின் போனில் சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்று இறக்கிவிட்டேன். இனி ஆதாரத்தோடு பேசலாம்.

மாலை 6.05 — டி.வி. மாமியார் மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிறார். 71 டெசிபல்.

6.30 — "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ..." த்ரீ வரவே இல்லை. அதற்காகக் காத்திருந்ததில் ஒரு தேற்றம் போயிற்று.

6.50 — "ஏங்க, சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்க?" 74. அண்ணனின் பதில்: "எதையாச்சும் வையி!" 73. ஒரு கேள்வி, ஒரு பதில், இரண்டு தெரு சாட்சி.

7.10 — மறுபடி டி.வி. துரத்தப்பட்ட மருமகள் திரும்பி வந்துவிட்டார். துரத்தியதற்குக் கொடுத்த சத்தம் வீண்.

ஜனவரி 8

காலை நாலரை மணிக்குப் படிப்பதுதான் ஒரே நிம்மதி. அந்தப் பக்கம் ஒரு சத்தம் கிடையாது. எங்கள் வீட்டுச் சட்டப்படி வாய்விட்டுப் படித்தால்தான் படிப்பு. மனசுக்குள் படித்தால் இரண்டே நிமிடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து, "சத்தத்தைக் காணோம், தூங்கிட்டியாடி?" என்பார். ஆகவே சத்தமாகப் படிக்கிறேன். அதுவும் என் சொந்த நோட்ஸை. பிழையே இல்லாத நோட்ஸ் என்று டீச்சரே வகுப்பில் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

இந்தத் தெருவில் மனிதர்கள் நாகரிகமாக இருப்பது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான்.

ஜனவரி 12

அத்தாவை அனுப்பி வைத்தோம். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இங்கிருந்தே கேட்டது.

"வாங்க பாய், உக்காருங்க. சுகன்யா, பாய்க்கு டீ போடு!"

அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். கையில் பொங்கல் கரும்பு. மாமா மகள் கல்யாணத்துக்கு நாலு ஸ்பீக்கர் பாக்ஸ், ரெண்டு குழாய் ஸ்பீக்கர் பேசி முடித்துவிட்டாராம். "தங்கமான பையன், கமரு. நம்ம கல்யாணத்துக்குன்னா நல்லா சத்தமா வைக்கிறேன்றான்" என்றார் அம்மாவிடம்.

சத்தத்தை நிறுத்தப் போனவர் சத்தத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா கரும்பைக் கொஞ்சம் பலமாக உடைத்தார்.

ஜனவரி 18

முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வராதாம். ரிக்கார்டிங் ஸ்டூடியோவில் எல்லாம் அதுதானாம். இதைச் சொன்னவர் அத்தா. அத்தாவுக்குச் சொன்னவர் கடைக்கு முட்டை வாங்க வந்தவர். அவர் ஸ்டூடியோவைப் பார்த்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அட்டை எங்களிடம் மலை மாதிரி இருக்கிறது. கையில் இருக்கும் பொருள்தான் மருந்து என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

அம்மா மைதா பசை காய்ச்சினார். நான் பூசினேன். அத்தா ஒட்டினார். தரையிலிருந்து பரண் வரை நூற்றி நாற்பது அட்டை. இப்போது என் அறை முட்டையிடக் காத்திருக்கும் இடம் போல இருக்கிறது. கோழி டைரியிலிருந்து இறங்கி வந்தால் ஆச்சரியமில்லை.

ஜனவரி 19

ஒட்டுவதற்கு முன் டி.வி.: 71. ஒட்டிய பின்: 70.

அத்தா: "ஒண்ணு கொறஞ்சிருக்குல்ல?"

ஜனவரி 21

அட்டையால் ஒரு புதுப் பலன். காலையில் படிக்கும்போது எதிரொலி வருகிறது! நான் ஒரு வரி சொன்னால், ஒரு மூச்சு கழித்து அதே வரி தேய்ந்துபோய்த் திரும்புகிறது. ஒலியியல் பாடத்தில் என்ன போட்டிருக்கிறது? எதிரொலி கேட்க வேண்டுமானால் ஒலியைத் திருப்பும் பரப்பு குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். என் அறை பத்தடி. பாடப்புத்தகத்தை எழுதியவர்கள் முட்டை அட்டையைக் கணக்கில் எடுக்கவில்லை போலும்.

ஜனவரி 26

குடியரசு தினம். அண்ணனும் பாக்ஸ்களும் எங்கோ கொடி ஏற்றப் போய்விட்டார்கள். அக்காவுக்கு மில். பகல் முழுக்க அமைதி. குடியரசு வாழ்க.

ஜனவரி 30

மைதா பசை யாருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நேற்று அட்டைக்குள்ளிருந்து ஒரு மீசை எட்டிப் பார்த்தது. இன்று ஆறு கரப்பான். குழி குழியாக, ஆளுக்கொரு அறை. எங்கள் வீட்டில் தனி அறை கிடைத்த அடுத்த குடும்பம்.

பிப்ரவரி 2

இரண்டாம் கட்டப் போர். பழைய இலவம்பஞ்சு மெத்தையை அட்டைக்கு மேல் நிறுத்தி, பீரோவை நகர்த்தி முட்டுக் கொடுத்தோம். 71.

அட்டை குறைத்த ஒன்றும் திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன், கவனித்ததை எல்லாம் எழுதுவது என் கடமை. விடியற்காலை நான் லைட் போடுவதற்கு முன்பு பரணுக்கு மேலே, கூரை ஷீட்டில், ஒரு வெளிச்சக் கோடு தெரிகிறது. விடிவதற்கு நேரம் இருக்கிறதே! பித்தளைப் பாத்திரத்தின் மினுமினுப்பாக இருக்கும்.

பிப்ரவரி 7

வாடகை வாங்க வந்த செபஸ்தியான் ஐயா அறையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பாய், கோழிப் பண்ணை வச்சிருக்கீகளா?"

அத்தா எல்லாவற்றையும் சொன்னார். ஐயாவுக்கு அந்தப் பக்கத்தார் மேல் ஏற்கெனவே வருத்தம் இருந்திருக்கிறது, வாசலில் பாக்ஸ்களை அடுக்குகிறார்களாம். "எழுதிக் குடு பாப்பா. தேதி, நேரம், எம்புட்டு சத்தம், எல்லாம். வாய்ப்பேச்சுக்கு அவன் மசிய மாட்டான். கையில காயிதம் இருந்தா மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிப்புடுவேன்."

அத்தா, "காலி பண்ணுற அளவுக்கெல்லாம்..." என்று இழுத்தார். நான் இழுக்கவில்லை. நான்கு பக்கம். தலைப்புகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. கடைசியில், ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் இதுவரை எழுதியதிலேயே சிறந்த கட்டுரை அதுதான்.

பிப்ரவரி 8

ஐயா அந்தப் பக்கம் போய்ப் பேசினார். பேசியது முழுக்கக் கேட்டது. (ஒட்டுக் கேட்கவில்லை. இந்தச் சுவரிடம் ரகசியம் நிற்காது.)

"மைக் செட்டுக்கு எவன் வீடு குடுப்பான் ஐயா? ஏழு வீடு ஏறி இறங்கித்தான் இங்க வந்தோம்."

"அத நீ பாக்ஸ் போடுறதுக்கு முன்னாடி நெனச்சிருக்கணும் அப்பு."

பிறகு டி.வி. போடவே இல்லை. 38 டெசிபல். நான் ஜெயித்துவிட்டேன்.

பிப்ரவரி 11

மூன்று நாள் அமைதி. முதல் நாள் மூன்று பாடம் முடித்தேன். இரண்டாம் நாள் ஒன்று. இன்று, ஏன் இன்னும் ‘ஹலோ ஹலோ’ வரவில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 12

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை நாலே முக்கால். வரலாறு. "முதல் உலகப் போருக்குப் பின் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டு..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டார், பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று. நான் நிறுத்தினேன்.

எதிரொலி நிறுத்தவில்லை. "...ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு" என்றது.

நான் சொல்லாததைச் சொல்லும் எதிரொலி எந்தப் பாடத்தில் வருகிறது? சோதித்துப் பார்க்கலாம் என்று, "மனித இதயத்தின் அறைகள் மொத்தம்..." என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு, மெதுவாக: "நாலு."

"யாரு?" என்றேன்.

பரணுக்கு மேலிருந்த வெளிச்சக் கோடு பட்டென்று போய்விட்டது.

பிப்ரவரி 13

சாயங்காலம் சுகன்யா அக்கா வந்தார். மில் வேனிலிருந்து இறங்கி நேராக, தலையில் பஞ்சுத் தூசியோடு. கையில் அட்டை கிழிந்த பத்தாம் வகுப்புப் புத்தகம், ஒரு நோட்டு. அம்மா பதறி நாற்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை.

"பயந்துட்டியா பாப்பா? நாந்தான் அது."

நோட்டை நீட்டினார். உள்ளே முழுக்க என் நோட்ஸ். நான் வாங்கும் மூச்சைத் தவிர எல்லாம் இருந்தது.

"ஒம்பதோட நிப்பாட்டிட்டாக. இப்பத் தனியா எழுதுறேன். பத்து பாஸுன்னா மில்லுல ஸ்டோருக்கு மாத்திருவாங்க. மெஷின் ஹால்ல இன்னும் ரெண்டு வருசம் நின்னா காது போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. இப்பவே எடது காது பாதிதான். டி.வி.ய அம்புட்டு வைக்கிறது அதுக்குத்தான், கொழுப்புல இல்ல."

"பாதிக் காதுக்கு நான் படிக்கிறது எப்படிக்கா கேக்குது?" என்றேன்.

"உந்தொண்டையா? எங்க மெஷினத் தாண்டியும் கேக்கும்." சிரித்தார். "டியூசனுக்கெல்லாம் நேரமில்ல. நீ நாலரைக்கு ஆரம்பிப்ப. நான் ஒல வச்சுக்கிட்டே சொல்லிக்கிருவேன். அவருதான் பாவம். விசேச வீட்டுல செட்டக் கழட்டிட்டு நாலு மணிக்கு வந்து படுப்பாரு. உடனே நீ உலகப் போர ஆரம்பிச்சிருவ. தலகாணியத் தல மேல போட்டுக்கிட்டு, ‘படிக்கிற புள்ள, விடு’ம்பாரு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் கரப்பானைப் பார்த்தேன்.

"மாசக் கடைசில காலி பண்ணணுமாம். யாரு எழுதிக் குடுத்தாகன்னு நான் கேக்கல. இந்தச் சுவத்துக்கு இருக்கிறதே ரெண்டு பக்கந்தான். உம் மேல தப்பில்ல பாப்பா, சத்தம் சத்தந்தான். ஆனா பரீச்ச வரைக்கும் எனக்கு இந்தச் சுவரு வேணும்."

இவ்வளவையும் 74 டெசிபலில்தான் சொன்னார். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பிப்ரவரி 14

பள்ளிக்கூடத்துல ஒண்ணுமே மண்டையில ஏறல. நான் எழுதுனது பொய்யா? இல்லவே இல்ல. ஒவ்வொரு நிமிசமும் பாத்துப் பாத்து எழுதுனது. ஆனா, நாலு பக்கத்துல காலை நாலரை மணின்னு ஒரு வரி இல்லையே. ஏன் இல்ல? அப்ப சத்தம் போட்டது யாரு? ‘மேற்கண்டவை யாவும் உண்மை’யாம். கீழ என் கையெழுத்து வேற, சுழிச்சு சுழிச்சு!

பிப்ரவரி 15

நாலரை மணிக்கு ஆப்பை மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம் போல் படித்தேன்.

டி.வி.: 71. சுகன்யா அக்கா: 74. நான்: 83.

பிப்ரவரி 16

ஐயாவைத் தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் பிடித்து, புதுக் காகிதத்தைக் கொடுத்தேன். ஒரே பக்கம். ‘விடுபட்டவை’ என்று தலைப்பு. காலை 4.30 முதல் 6 வரை, தினமும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் ஒரு மாணவியால், 83 டெசிபல். பாதிக்கப்பட்டவர் அப்போதுதான் கண் அசந்தவர், ஒரு முறை கூடப் புகார் செய்யாதவர்.

ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார். "அப்ப உங்களையுந்தான காலி பண்ணச் சொல்லணும் பாய்?" என்று சிரித்தார்.

அத்தா சிரிக்கவில்லை. அத்தாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. "சொல்லுங்க ஐயா. ரெண்டு வீட்டையும் சேத்தே சொல்லுங்க. முட்டை அட்டையோட போறோம். கரப்பானை மட்டும் விட்டுட்டுப் போறோம், அதுக கிட்ட வாடகை வாங்கிக்கங்க."

ஐயாவின் முகத்தில் இரண்டு காலி வீடுகள் தெரிந்தன.

"அட, ஒரு தமாசுக்குச் சொன்னா! என்னமோ பண்ணித் தொலைங்க. எங்கிட்ட இனிமே காயிதம் மட்டும் கொண்டு வராதீக."

பிப்ரவரி 18

ஈஸ்வரன் அண்ணன் சுவரைப் பார்க்க வந்தார். பார்க்கக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு என் மேஜை மேல் ஏறி, அம்மாவின் பித்தளை அண்டாவைப் பரணில் ஓரமாக நகர்த்தி, தலையை உள்ளே விட்டார். தலை வெளியே வருவதற்கு முன் சிரிப்பு வந்தது.

"பாய், சுவரு கூரைய முட்டவே இல்ல! முக்கா அடி சும்மா கெடக்கு. எங்க வீட்டு டியூப் லைட்டு தெரியுது!"

செபஸ்தியான் ஐயா கடைசி வரிசைக் கல்லை மிச்சப்படுத்திவிட்டார். கேட்டதற்குக் காற்றோட்டமாம். எங்கள் பக்கம் பரண் மறைத்துவிட்டது.

"கதவ ஆன்னு தொறந்து வச்சுக்கிட்டு, செவுத்துக்குக் கம்பளி போத்தியிருக்கீக" என்றார் அண்ணன். "முட்டை அட்டையெல்லாம் ரூமுக்குள்ள கும்முனு அடிக்காம இருக்கத்தான். வெளிச் சத்தத்த அது எங்க நிறுத்தும்?"

வெளிச்சக் கோட்டைப் பார்த்தேன், எழுதியும் வைத்தேன். அரையாண்டில் அறிவியலில் நூறு. அண்ணன் படித்தது எட்டாவது.

பிப்ரவரி 23

ஞாயிறு. அண்ணன் உடைந்த பாக்ஸின் பலகைகளை அளந்து அறுத்து இடைவெளியின் இரண்டு பக்கமும் அடைத்தார். நடுவில் திணிக்க மில்லில் கேட்டு மூன்று மூட்டை கழிவுப் பஞ்சு கொண்டுவந்தார் அக்கா. ஓரமெல்லாம் அண்ணன் பட்டி பூசினார். முட்டை அட்டைகளை உரித்து எடுத்தோம். குடியிருந்தவர்களைப் பற்றி எழுத விரும்பவில்லை.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை போட ஆரம்பித்தார். பாக்ஸில் ஸ்பீக்கருக்குப் போடுவார்களே, அது. அத்தா அலறினார். "இம்புட்டு அடைச்சிட்டு மறுபடி ஓட்டையா!"

"மூடி இருக்கு பாய். ரெண்டு பக்கமும் மூடி. கயித்த இழுத்து மாட்டினா தொறந்திருக்கும், விட்டா சாத்திக்கிரும். காலைல நாலரைல இருந்து ஆறு வரைக்கும் ரெண்டும் தொறந்திருக்கும். நான் முன் ரூமுக்குப் படுக்கையை மாத்திட்டேன்."

மூடி சாத்தியபின் டி.வி.: 44. மருமகள் துரத்தப்பட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை. அது மட்டும் கொஞ்சம் குறை.

மார்ச் 4

நோன்பு. விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே படிக்க உட்கார்கிறேன். மூடியைத் திறந்தால் அக்கா தயார். ஓட்டை வழியே ஒரு வட்ட வெளிச்சம் என் பக்கக் கூரையில் விழுகிறது. பகலில் பசிக்கும்போது நான் படித்ததில் பாதி மறந்துபோகிறது. அக்காவுக்கு மறப்பதில்லை. மெஷினுக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். கத்தினாலும் அங்கே யாருக்கும் கேட்காதே.

மார்ச் 28

தமிழ். அக்காவுக்கு வேறு சென்டர். இரண்டு பேரும் எழுதிவிட்டோம்.

ஏப்ரல் 7

கணக்கு. எனக்கு அருமை. அக்காவிடம் ஓட்டை வழியே எப்படி என்று கேட்டேன்.

"நீ கணக்க மட்டும் சத்தம் போட்டே படிக்கலியே பாப்பா."

நான் சிரித்தேன். கணக்கை யாராவது வாய்விட்டுப் படிப்பார்களா? அக்கா சிரிக்கவில்லை என்பது மூடியைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

ஏப்ரல் 15

சமூக அறிவியலோடு முடிந்தது. வந்ததும் புத்தகத்தைப் புரட்டினேன். வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை: 1919.

பிழையே இல்லாத என் நோட்ஸில் 1918. இரண்டு சென்டரில், இரண்டு விடைத்தாளில், ஒரே தப்பு. திருத்துகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க வேண்டும்.

மே 16

நான்: 467. அத்தா கடையில், "நானூத்தி எம்பதுக்குப் பக்கம்" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் அவித்த முட்டை கொடுத்தாராம்.

சுகன்யா அக்கா: தமிழ் 62. ஆங்கிலம் 37. அறிவியல் 58. சமூகம் 69. கணக்கு 22.

முப்பத்தைந்து வேண்டும். பதின்மூன்று குறைவு. வாயைத் திறந்து நான் படித்த அத்தனையிலும் பாஸ். வாயை மூடிக்கொண்டு செய்த ஒன்றில் ஃபெயில். இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு ஆப் தேவைப்படவில்லை.

இன்று அந்தப் பக்கம் டி.வி. போடவில்லை. மூடி திறந்துதான் இருந்தது.

மே 18

ஜூலையில் துணைத் தேர்வு. இன்று நாலரைக்குக் கயிற்றை இழுத்துவிட்டு, "அக்கா, கணக்கு" என்றேன். பிறகு பாத்திரம் வைக்கும் சத்தம். "சொல்லு."

உண்மையை எழுத வேண்டுமே: முக்கோணத்தை வாயால் சொல்வது நரகம்.

"பி-ல இருந்து இடது பக்கமா ஒரு கோடுக்கா..."

"எந்த எடது? நீ செவுத்தப் பாத்து உக்காந்திருக்க, நானும் செவுத்தப் பாத்து உக்காந்திருக்கேன். உன் எடது எனக்கு வலதுல்ல?"

நியாயம். கடைசியில் இடது வலதை ஒழித்துவிட்டு, தெருப் பக்கம், கொல்லைப் பக்கம் என்று வைத்துக்கொண்டோம். தெருப் பக்கத்துக் கோடு மூன்று, கீழ்க்கோடு நாலு, கொல்லையிலிருந்து ஏறும் சாய்வுக் கோடு எவ்வளவு? அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஒன்பது, பதினாறு, கூட்டினா இருபத்தஞ்சு...

"அஞ்சு!" என்று முன் அறைப் பாயிலிருந்து ஈஸ்வரன் அண்ணனின் குரல் வந்தது. "சொல்லிட்டேன், இனியாச்சும் தூங்க விடுங்க!"

ஜூன் 20

தினமும் கணக்கு. ‘தெருப் பக்கத்தின் வர்க்கம்’ என்று வாய்தவறிப் பதினோராம் வகுப்பில் சொல்லிவிட்டேன். புது டீச்சர் எந்த ஊர்ப் புத்தகம் என்று கேட்டார்.

ஜூலை 8

இன்று அக்காவுக்குக் கணக்குப் பரீட்சை. சாயங்காலம் மூடியைத் திறந்து, வந்த கேள்விகளை வரிசையாகச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் விடை எழுதியிருக்கிறார். சரியா என்று நான் கேட்கவில்லை. வடிவியலில் வந்த முக்கோணத்தில் தெருப் பக்கத்தை மட்டும் சின்னதாக ‘தெரு’ என்று எழுதிவிட்டு அழித்தாராம்.

ஜூலை 31

அக்கா: கணக்கு 43.

ஆகஸ்ட் 17

அக்காவை ஸ்டோருக்கு மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. சாயங்காலம் மூடி சாத்தியிருக்கும்போதே கேட்டது, அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அங்க அம்புட்டு அமைதிங்க! நான் வாயத் தொறந்தாலே, மெதுவாப் பேசும்மான்றாங்க!" மூடி, பலகை, மூன்று மூட்டைப் பஞ்சு, எல்லாவற்றையும் தாண்டி. ஆப்பை எடுக்கவில்லை.

இரவு சாப்பிட்ட பிறகு பதினோராம் வகுப்பு இயற்பியலை எடுத்தேன். இனி யாருக்கும் என் சத்தம் தேவையில்லை, மனசுக்குள்ளேயே படிக்கலாம். அம்மாகூடக் கேட்பதை விட்டுவிட்டார். பழக்க தோஷம், கை கயிற்றுக்குப் போனது. கூரையில் வட்ட வெளிச்சம், அந்தப் பக்க மூடி முன்பே திறந்திருந்தது. இரண்டு வரி வாய்விட்டுப் படித்தேன்.

ஒன்றும் வரவில்லை. பத்தடி அறை. புத்தகம் சொன்னது சரிதான்.

மூன்றாவது வரியைப் படித்தேன். செத்த நேரம் கழித்து, தட்டுத் தடுமாறி, புதுச் சொற்களில் இடறி, முதல் வரி திரும்பி வந்தது.

"மெதுவாப் போ பாப்பா. பதினொண்ணு கஷ்டமா இருக்கு" என்றது எதிரொலி. "மிச்சத்தக் காலைல படிப்போம். நாலரைக்கு."

வட்ட வெளிச்சம் அந்தப் பக்கம் அணைந்தது. இந்தப் பக்கமும் லைட்டை அணைத்தாயிற்று.